எழுதுபொருள் செலவு

ஏழு இலாகாக்களை நான்காக்கச் சொன்னார்கள்.
ஆயிரத்து அறுநூறு பேருக்கு ஏழு அதிகம் என்று
விமானத்தில் வந்த ஆலோசகர் கண்டுபிடித்து
அதே விமானத்தில் திரும்பிப் போனார்.
எங்கள் தீவுக்கு வாரம் ஒரு விமானம்.
ஐம்பது நிமிடம் தரையில் நிற்கும்.

அமைச்சரவைச் செயலர் நான்.
யாருக்கு எந்த வேலை என்ற ஆணையை
எழுதவேண்டியவளும் நான்.
பழைய அரசிதழை வரிவரியாக வெட்டி
மேசைமேல் பரப்பினேன்.
காற்றாடியை நிறுத்திவிட்டேன்,
சுகாதாரம் பறந்துபோய்ச்
சுங்கத்தின்மேல் உட்கார்ந்துகொண்டதால்.

மீனும் மழையும் ஒரே கூரைக்குள் போயின.
பள்ளிக்கூடத்தோடு சிறைச்சாலை:
அங்கே ஆளில்லை, இங்கே இடமில்லை.
நிதி தனியாகத்தான் இருக்கும் என்றார்
நிதி அமைச்சர் ஹெகாவு.
துறைமுகமும் அவரிடம்தான்.
பாக்கி வாடகை கேட்டுத்
தனக்குத் தானே அனுப்பிய கடிதத்துக்கு
அவர் இன்னும் பதில் போடவில்லை.

தெருநாய், தபால்தலை, கல்லறைக்கான இடம்,
தேங்காய் நண்டு பிடிக்கக் கூடாத மாதங்கள்,
எல்லாவற்றுக்கும் ஒரு கையெழுத்து கிடைத்தது.
ஒரு துண்டு மட்டும் மிஞ்சியது:
'பவளத்திட்டு வாயில் விளக்கு.
ஏற்றுதல், பராமரித்தல்.'

துறைமுகத்தைக் கேட்டேன்.
விளக்கென்றால் மின்சாரம்தானே என்றார்கள்.
மின்சாரத்தைக் கேட்டேன்.
எங்கள் கம்பி போகாத இடம் என்றார்கள்.
பொதுப்பணிக்குக் கரையோடு எல்லை முடிகிறது.
கடல்வழித் துறை இருந்தது ஒரு காலத்தில்,
பதினோரு ஆண்டுக்கு முன்
வேறொரு ஆலோசகர் வரும்வரை.

ஆனால் விளக்கு எரிகிறது.
நேற்றிரவும் எரிந்தது.
அந்தப் பச்சைப் புள்ளியைக் குறிவைத்துத்தான்
என் தம்பி டோங்கிலோ
இரண்டு வெள்ளை நுரைகளுக்கு நடுவே
படகை உள்ளே விட்டான்.
யார் ஏற்றுகிறார்கள் என்று கேட்டேன்.
அரசாங்கம்தானே, என்றான்,
மீனைக் கழுவிக்கொண்டே.

சனிக்கிழமை நீர் வற்றிய நேரம்
செருப்போடு திட்டின்மேல் நடந்தேன்.
கம்பத்தடியில் ஒருத்தி,
திருப்புளியைப் பல்லில் கடித்தபடி
ஈரப் பையிலிருந்து பேட்டரியைத் தூக்கிக்கொண்டிருந்தாள்.
வானிலை அலுவலக எழுத்தர் பெலெனிசே.
மழைமானியைப் பார்க்கப் போகிற வழி, என்றாள்.
மழைமானி தீவின் மறுகோடியில் இருக்கிறது.

பேட்டரி ஏது?
வாங்குவதுதான்.
எந்தக் கணக்கில்?
திருப்புளியை எடுத்து
கடலைப் பார்த்துச் சொன்னாள்:
எழுதுபொருள்.

அன்றிரவு யோசித்தேன்.
ஆணையில் எழுதினால் விளக்குக்கு ஒரு துறை வரும்.
துறை வந்தால் மூன்று விலைப்புள்ளி,
ஈரத்தில் நடக்க ஒரு படிவம்,
படிவத்தில் ஒப்பமிட ஒருவர்,
அவர் மகள் கல்யாணத்துக்கு
ஆக்லாந்து போயிருக்கும் மூன்று வாரம்.
எழுதாவிட்டால்
பெலெனிசேயின் முழங்கால் இருக்கிறவரைதான்.
இரண்டுமே எனக்குப் பிடிக்கவில்லை.

ஆணை வெளியானது.
நான்கு இலாகா, நூற்றுப் பன்னிரண்டு பணிகள்.
விளக்கு அதில் இல்லை.
வரவுசெலவுத் திட்டத்தில் மட்டும்
வானிலைப் பிரிவின் எழுதுபொருளை
கொஞ்சம் கூட்டினேன்,
ஓர் உதவியாளருக்கும் இடம் விட்டேன்:
நீச்சல் தெரிந்திருக்க வேண்டும்.

ஹெகாவு கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.
மழையை எழுத இவ்வளவு மையா?
இந்த ஆண்டு மழை அதிகம், ஐயா.
எழுதுகிறவன் எதற்கு நீந்த வேண்டும்?

நான் ஜன்னலைப் பார்த்தேன்.
அவரும் பார்த்தார்.
அவர் மருமகன் அன்று கடலில் இருந்தான்.
பேனாவைத் தேடினார்,
என்னுடையதைக் கொடுத்தேன்.